ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு பிள்ளையின் குருதிப் புற்றுநோய்ச் சிகிச்சை

பிள்ளைக்குக் குருதிப் புற்றுநோய் என்று வைத்தியர் சொன்னதும் பெற்றோர் முதலில் கேட்பது பிள்ளை பிழைக்குமா என்பதைத்தான். அதற்கு உலகம் முழுவதற்கும் பொருந்தும் விடை கிடையாது. பிள்ளைகளுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோயான அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியாவில், வசதி படைத்த நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகள் வரை ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டு சிறுவர் புற்றுநோய்க்கென ஒரு முன்முயற்சியைத் தொடங்கியபோது, 2030ஆம் ஆண்டுக்குள் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் குறைந்தது 60 சதவீதத்தினரையாவது உலகெங்கும் உயிர்தப்ப வைப்பதையே இலக்காக வைத்தது. வறிய நாடுகள் பலவற்றில் அந்த விகிதம் இன்னும் முப்பதைக்கூட எட்டவில்லை என்பதால்தான் அறுபது ஓர் இலக்காக இருக்கிறது. இத்தனைக்கும் இந்த நோய்க்குக் கொடுக்கப்படும் முதன்மை மருந்துகளான வின்கிறிஸ்டின், பிரெட்னிசொலோன், அஸ்பராஜினேஸ், மெதோட்ரெக்சேட், மெர்கப்டோபியூரின் எல்லாம் அரை நூற்றாண்டுக்கு முன்பே புழக்கத்துக்கு வந்துவிட்டவை. ஒரே மருந்துகளுக்கு இடத்துக்கு இடம் இவ்வளவு வேறுபட்ட பலன் ஏன் கிடைக்கிறது என்பதை நான் என் மகனின் சிகிச்சைக் காலத்தில்தான் விளங்கிக்கொண்டேன். இலங்கையின் வன்னியில் முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார்ப் பக்கங்களில் இந்த நோயோடு புதிதாகப் போராடத் தொடங்கும் குடும்பங்களுக்கு உதவும் என்பதால் அதை எழுதி வைக்கிறேன். நான் வைத்தியர் அல்ல. பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஒரு தாய். கணவர் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறார்.

2019ஆம் ஆண்டு கார்த்திகை மாத மழையோடு எங்கள் மகனுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வரத் தொடங்கியது. அப்போது அவனுக்குப் பதினொரு வயது. அந்த ஆண்டு நாடு முழுவதும் டெங்கு உச்சத்தில் இருந்தது. ஆதலால் காய்ச்சல் என்றதும் அயலில் எல்லோருக்கும் டெங்குதான் நினைவுக்கு வந்தது, பப்பாசி இலைச் சாறு இடித்துக் கொடுக்கச் சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் அவனுடைய கழுத்தின் இரு பக்கமும் நெறி கட்டியிருந்தது, முகம் வெளிறியிருந்தது, இரவில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே உறங்கினான். "அம்மா, நேரா படுத்தா மூச்சு முட்டுது" என்று அவன் சொன்னது எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது. நாங்கள் காட்டிய தனியார் மருத்துவர் ஒருவர் அதை இழுப்பு என்று கருதி, நெபுலைசரில் மருந்துப் புகை பிடிக்க வைத்து, சில நாட்களுக்குப் பிரெட்னிசொலோன் குளிசைகளும் எழுதித் தந்தார். இரண்டு நாட்களில் நெறி வற்றியது, மூச்சு இலகுவானது, பிள்ளை எழுந்து விளையாடினான். குளிசை முடிந்து ஒரு வாரம் ஆவதற்குள் எல்லாம் முன்னிலும் மோசமாகத் திரும்பி வந்தன.

இந்த இடத்தில் சற்று நின்று சொல்ல வேண்டும். பிரெட்னிசொலோன் இந்தப் புற்றுநோய்க்கே கொடுக்கப்படும் முதல் மருந்து. அது புற்றுநோய்க் கலங்களைக் கொல்வதால், நோய் என்னவென்று தெரியாமல் கொடுக்கும்போது சில நாட்களுக்கு எல்லாம் சுகமானதுபோல் தோன்றும், நோய் கண்டுபிடிக்கப்படுவது தாமதமாகும், பின்னர் சரியான சிகிச்சை தொடங்கும்போது கலங்கள் மருந்துக்கு எவ்வளவு விரைவாக அடங்குகின்றன என்பதை அளவிடுவதும் குழப்பமாகிவிடும். பல சிகிச்சை முறைகளில், பிரெட்னிசொலோன் தொடங்கிய எட்டாம் நாள் குருதியில் ஒரு மைக்ரோலீற்றருக்கு ஆயிரத்துக்குக் குறைவான புற்றுநோய்க் கலங்களே எஞ்சியிருந்தால் அது நல்ல அறிகுறி என்று கொள்வார்கள். முன்னரே குளிசை எடுத்த பிள்ளையில் அந்தக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. ஆகவே வளர்ந்த பிள்ளைக்கு முதன்முறையாக இழுப்பு வந்து, கூடவே நெறி கட்டுதல், வெளிறல், காரணமில்லாத கண்டல் காயங்கள், எலும்பு வலி என்று ஏதாவது இருந்தால், அந்தக் குளிசையைத் தொடங்கும் முன் ஒரு முழுக் குருதிப் பரிசோதனையும் ஒரு நெஞ்சு எக்ஸ்றேயும் எடுக்கும்படி பணிவாகக் கேளுங்கள். இரண்டும் எங்கள் மாவட்ட வைத்தியசாலைகளிலேயே செய்யக்கூடியவை. முன்னர் எடுத்த மருந்துத் துண்டுகளை எறியாமல் வைத்திருந்து பெரிய வைத்தியசாலையில் காட்டுங்கள்.

மாவட்ட வைத்தியசாலையில் பணியிலிருந்த இளம் வைத்தியர் குருதி அறிக்கையைப் பார்த்ததும், "இது டெங்கு இல்லை அம்மா" என்றார். டெங்கிலும் குருதிச் சிறுதட்டுகள் குறையும், இதிலும் குறையும். ஆனால் டெங்கில் வழக்கமாக வெண்கலங்களும் குறைந்துவிடும், என் மகனுக்கோ அவை ஒரு இலட்சத்தைத் தாண்டியிருந்தன. எக்ஸ்றேயில் நெஞ்சின் நடுவே, மூச்சுக்குழாயை அழுத்தியபடி ஒரு கட்டி தெரிந்தது. அன்றிரவே சேலைன் ஏற்றி, யூரிக் அமிலத்தைக் கட்டுப்படுத்தும் அலோபியூரினோல் குளிசையும் கொடுத்து, படுக்க வைக்காமல் இருத்தியபடியே கொழும்புக்கு அருகே மகரகமவிலுள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு நோயாளர் காவு வண்டியில் அனுப்பினார்கள். கட்டி பெரிதாக உள்ள பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைப்பதே உயிராபத்தாகலாம் என்பதை அந்த வைத்தியர் வண்டியில் வந்த தாதிக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். அந்த ஒரு எச்சரிக்கைக்காக நான் அவருக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

என்பு மச்சைப் பரிசோதனையின் முடிவு டி-செல் வகை, அதாவது டி-செல் எனப்படும் வெண்கலங்களில் தோன்றியது, என்று வந்தது. பிள்ளைகளின் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியாவில் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை இந்த வகை என்று மேலைநாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. இந்தியாவின் பெரிய நிலையங்களில் அதைவிடக் கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. ஆண் பிள்ளைகளுக்கும் சற்று வயது கூடியவர்களுக்கும் அதிகமாக வரும், நெஞ்சில் கட்டி வைக்கும், மூளையையும் முண்ணாணையும் சுற்றியுள்ள நீரில் ஒளிந்துகொள்ளும், திரும்ப வந்தால் அடக்குவது மிகக் கடினம். பத்து வயதுக்கு மேற்பட்டிருத்தல், வெண்கலங்கள் ஐம்பதாயிரத்துக்கு மேல் இருத்தல் ஆகிய இரண்டும் உயர் ஆபத்துப் பிரிவின் பழைய அளவுகோல்கள். இவன் இரண்டிலும் அகப்பட்டான், வகையும் அதற்கேற்றது. விடுதியின் ஆலோசக வைத்தியர், பாடசாலைப் பிள்ளைக்குக் கணக்கு விளக்குவதுபோல் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் காட்டிவிட்டு, "முதல் மாதம் கழிய மைக்ரோஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது. ஆனா நோய் போகேல்லை. அதுக்குப் பிறகு நீங்கள் திரும்பித் திரும்பி வாறதுதான் பெரிய வைத்தியம்" என்றார். அவர் எங்கள் மொழி பேசக்கூடியவராக இருந்தது எங்கள் பாக்கியம். அவர் விடுமுறையில் சென்ற நாட்களில் சுத்திகரிப்பு ஊழியரான ஒரு அக்காதான் எனக்கும் வைத்தியர்களுக்கும் நடுவே நின்று பேசினார்.

நோய் கண்டுபிடிக்கப்படும் வேளையில் ஒரு பிள்ளையின் உடலில் ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி புற்றுநோய்க் கலங்கள் இருக்கும். நான்கைந்து வார முதற்கட்டச் சிகிச்சையின் பின் மைக்ரோஸ்கோப்பில் எதுவும் தெரியாத நிலையிலும் ஆயிரம் கோடி வரை மிஞ்சியிருக்கக்கூடும். கணவருக்கு நான் இதை விளக்கியபோது, மேலே சுத்தமாகப் பிடுங்கிய வயலில் மண்ணுக்குள் கோரைக் கிழங்கு கிடப்பதுபோல என்று அவரே சொல்லிக்கொண்டார். அதற்குப் பின் பயிர்ச்செலவைக் காட்டி ஒரு கிளினிக்கைக்கூடத் தள்ளிப்போட அவர் கேட்டதில்லை.

எங்களோடு பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பெண்பிள்ளையின் குடும்பத்துக்கு அப்படி நடக்கவில்லை. அவர்களும் வன்னியைச் சேர்ந்தவர்கள். தகப்பன் கூலிவேலை செய்பவர், வீட்டில் இன்னும் மூன்று சிறு பிள்ளைகள். முதற்கட்டம் முடிந்து வீட்டுக்குப் போனபோது பிள்ளை நன்றாகச் சாப்பிட்டது, முடி முளைக்கத் தொடங்கியது, சிரித்துத் திரிந்தது. கடன் ஏறியிருந்தது. "சுகமாயிட்டுதுதானே, ஏன் திரும்பவும் ஊசி குத்தி வாட்ட வேணும்" என்று சொந்தக்காரர் சொல்லியிருக்கிறார்கள். பல மாதங்கள் கழித்து அந்தப் பிள்ளை தலையிடியோடும் வாந்தியோடும் திரும்பி வந்தபோது நோய் மூளை நீருக்குள் போயிருந்தது. அந்தத் தாய் விடுதி வாசலில் சுவரைப் பிடித்தபடி நின்றதை நான் பார்த்தேன். அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. சிகிச்சை இலவசம் என்பது உண்மை, அதை நான் நன்றியோடு சொல்கிறேன். ஆனால் முந்நூறு கிலோமீட்டர் பஸ் கட்டணமும், இழந்த நாட்கூலியும், வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளுக்குச் சமைக்க ஆளில்லாமையும் இலவசமாக இல்லை.

சிகிச்சையை இடையில் கைவிடுதலே வளர்முக நாடுகளில் இந்த நோயின் பெரிய கொலைகாரன் என்பதை மருத்துவ உலகம் நெடுநாளாக அறிந்திருக்கிறது. சிகிச்சையில் இருக்கவேண்டிய பிள்ளை தொடர்ந்து நான்கு வாரங்களுக்கு மேல் வராமலிருந்தால் அதைக் கைவிடுதல் என்று கணக்கிடுகிறார்கள். பிரேசிலின் வறிய வடகிழக்கில் உள்ள ரெசிஃபே நகரத்தின் அனுபவத்தை நான் பின்னாளில் வாசித்தேன். அங்கே 1980களில் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியா வந்த பிள்ளைகளில் 32 சதவீதத்தினரே ஐந்து ஆண்டுகளை நோய் மீளாமல் கடந்தார்கள்; ஏறத்தாழ ஆறில் ஒரு குடும்பம் சிகிச்சையைப் பாதியில் விட்டது. பிள்ளைகளுக்கெனத் தனிப் புற்றுநோய்ப் பிரிவு, பயிற்சி பெற்ற தாதியர், தொலைவிலிருந்து வருபவர்களுக்குத் தங்குமிடம், பயணச் செலவு, வராத குடும்பத்தைத் தேடிச் செல்லும் சமூகப் பணியாளர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்த பின், 1997 முதல் 2002 வரையான காலத்தில் அந்த விகிதம் 63 ஆக உயர்ந்தது. கைவிடுதல் ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. நல்ல மருந்தும் நல்ல வைத்தியர்களும் இதில் பங்கு வகித்தார்கள்தான். ஆனாலும் தங்குமிடமும் பஸ் காசும் ஒரு நாட்டின் புற்றுநோய்ப் புள்ளிவிபரத்தை மாற்றக்கூடியவை என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், மும்பை டாடா நினைவு வைத்தியசாலை, டெல்லி அகில இந்திய மருத்துவ நிறுவனம் ஆகிய மூன்றும் 1980களில் ஒரே சிகிச்சை முறையை ஏற்று, எழுதி வைத்து, மாறாமல் பின்பற்றியதும் பலன்களை வெகுவாக உயர்த்தியது.

ஆகவே புதிதாக வரும் குடும்பங்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை பயணத்துக்கான ஏற்பாடுதான். நோய் நிச்சயமான கிழமையிலேயே கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடமும் வைத்தியசாலைக் கடிதத்தின் பிரதியைக் கொடுத்து, என்ன உதவி உண்டென்று எழுத்தில் கேளுங்கள். மகரகமவைச் சுற்றி அறநிலையங்கள் நடத்தும் தங்குமிடங்கள் இருக்கின்றன. விடுதித் தாதியிடம் கேட்டால் வழிகாட்டுவார்கள், கேட்காவிட்டால் எவருக்கும் தெரிய வராது. வெளிநாட்டில் சொந்தம் உள்ளவர்கள் மொத்தமாக ஒரு தொகை அனுப்பச் சொல்லாமல் மாதாமாதம் பயணச் செலவை ஏற்கச் சொல்லுங்கள். சிகிச்சை இரண்டரை, மூன்று ஆண்டு ஓடும். முதல் மாத அனுதாபத்தில் வரும் பணம் முதல் ஆறு மாதத்திலேயே கரைந்துவிடும். எங்களுக்கு என் பெரியம்மாவின் மகன் கனடாவிலிருந்து சிறிய தொகையொன்றைத் தவறாமல் அனுப்பியது, ஒரு பெருந்தொகையைவிட ஆயிரம் மடங்கு உதவியது. மற்றப் பிள்ளைகளை யார் வீட்டில் விடுவது என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். எங்கள் மகள் முதல் ஆண்டு முழுவதும் அம்மம்மாவோடு இருந்தாள்.

அடுத்தது காய்ச்சல். வசதியான நாடுகளில் முதற்கட்டச் சிகிச்சையில் தொற்றாலும் குருதிப்பெருக்காலும் இறக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு ஓரிருவர்தான். எங்களைப் போன்ற நாடுகளில் அது பல மடங்காக இருக்கிறது. மருந்து வெண்கலங்களை அடித்து வீழ்த்தியிருக்கும் நாட்களில் பிள்ளையின் உடலில் சீழ்கூடக் கட்டாது, வீக்கம் தெரியாது. காய்ச்சல் ஒன்றே எச்சரிக்கை. வெப்பமானியில் ஒருமுறை 38.3 பாகை, அல்லது 38 பாகை ஒரு மணித்தியாலம் நீடித்தால், நரம்பு வழியாக நுண்ணுயிர்க்கொல்லி ஏற்ற வேண்டும், வைத்தியசாலையை அடைந்து ஒரு மணித்தியாலத்துக்குள் அது தொடங்கப்பட வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லித் தரப்பட்ட விதி. மகரகம ஒரு மணித்தியாலத்தில் இல்லை. எனவே அந்த முதல் மருந்து எங்கள் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும்.

இதற்கு நாங்கள் செய்த ஏற்பாடுதான் என் மகனைக் காப்பாற்றியது என்று உறுதியாக நம்புகிறேன். முதல் முறை வீடு திரும்பும் முன், நோயின் பெயர், கடைசியாகக் கொடுத்த மருந்துகள், காய்ச்சல் வந்தால் எந்த நுண்ணுயிர்க்கொல்லியை எந்த அளவில் உடனே தொடங்க வேண்டும், எந்தத் தொலைபேசி எண்ணில் விடுதியை அழைக்க வேண்டும் என்பவற்றை ஒரு பக்கக் கடிதமாக எழுதித் தரும்படி ஆலோசகரைக் கேட்டோம். அதை லமினேற் செய்து ஒன்றை வீட்டு வாசற்கதவின் பின்னால் தொங்கவிட்டோம், ஒன்றைக் கணவரின் மோட்டார் சைக்கிள் பெட்டியில் வைத்தோம், ஒன்றை மாவட்ட வைத்தியசாலையின் பிள்ளைகள் விடுதிப் பொறுப்புத் தாதியிடம் நேரில் சென்று கொடுத்து, பிள்ளையையும் காட்டிவிட்டு வந்தோம். பின்பனிக் காலத்தில் ஓர் இரவு பதினொரு மணிக்கு அவனுக்கு உடல் சுட்டது. பனடோல் கொடுக்காமல் முதலில் வெப்பமானியை வைத்தேன், ஏனென்றால் பனடோல் காய்ச்சலை மறைத்துவிடும். 38.6. கணவர் நோயாளர் காவு வண்டிக்காக 1990 என்ற எண்ணை அழைத்தார். யானை இறங்கும் தெரு என்பதால் அவ்வேளையில் மோட்டார் சைக்கிளில் பிள்ளையைக் கொண்டு போக முடியாது. வைத்தியசாலையில் அன்றைய இரவு வைத்தியர் எங்களை முன்பின் அறியாதவர்; கடிதத்தை ஒரு நிமிடம் வாசித்தார், மிஸ்ஸியிடம் மருந்தின் பெயரைச் சொன்னார், நாங்கள் வாசலை அடைந்து அரை மணித்தியாலம் ஆவதற்குள் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு நாட்களின் பின் குருதியில் கிருமி வளர்ந்திருப்பதாக அறிக்கை வந்தது.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. கொதித்தாறிய நீர்தான் குடிப்பது, மழைக்காலத்தில் கிணற்றுக்குக் குளோரின் இடுவது, வயலிலிருந்து வருபவர் குளித்த பின்பே பிள்ளையைத் தொடுவது, பச்சைச் சம்பல் வகைகளைத் தவிர்த்துப் புதிதாக அவித்த புட்டும் சொதியும் கஞ்சியும் கொடுப்பது. வாயைத் தினமும் உப்பு நீரால் கொப்பளிக்க வைத்து, புண் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்ப்பேன். பாடசாலையிலோ அயலிலோ கொப்புளிப்பான் வந்த பிள்ளையோடு இவன் இருந்தான் என்று தெரிந்தால், கொப்புளம் வரும் வரை காத்திராமல் அன்றே விடுதியை அழைக்கச் சொல்லியிருந்தார்கள். ஆசனவாயில் வெப்பமானி வைத்தல், தசையில் ஊசி போடுதல், அஸ்பிரின் கொடுத்தல் மூன்றையும் வைத்தியர் சொல்லாமல் எவரையும் செய்ய விடாதீர்கள். என் மாமியார் வற்றாப்பளை அம்மனுக்கு வைத்த நேர்த்திக்கு வைகாசிப் பொங்கலன்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று உறுதியாக இருந்தார். வெண்கலக் கணக்கு குறைவாக இருக்கும்போது அந்தச் சனநெரிசல் எவ்வளவு ஆபத்து என்று வைத்தியரையே தொலைபேசியில் பேச வைத்தேன். மாமியார் பிள்ளையின் பெயரில் தாமே சென்று பொங்கி வந்தார். நம்பிக்கையோடு மோதாமல் வழி கண்டதில் எல்லோருக்கும் நிம்மதி இருந்தது.

ஆண்டுக்கணக்கில் நீளும் குளிசைக் கட்டம், வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இலேசாகத் தெரியும். என் அனுபவத்தில் அதுவே மிகக் கடினமானது. பிள்ளை பார்வைக்கு முழுச் சுகத்தோடு இருப்பான்; ஒவ்வோர் இரவும் மெர்கப்டோபியூரின், கிழமைக்கு ஒரே ஒரு நாள் மெதோட்ரெக்சேட். அமெரிக்காவில் குளிசைப் போத்தல் மூடிக்குள் மின்னணுக் கருவி வைத்து நடத்திய ஓர் ஆய்வில், மெர்கப்டோபியூரினில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வேளைகூட எடுக்காத பிள்ளைகளுக்கு நோய் மீளும் வாய்ப்பு இரண்டரை மடங்குக்கு மேல் கூடியிருந்தது கண்டறியப்பட்டது. தொண்ணூற்றைந்து சதவீதம் என்பது மாதத்தில் இரண்டு இரவு தவறினாலே கீழே விழுந்துவிடும் அளவு. எங்கள் மகனுக்கு ஒரு நாள் ஒன்று, மறுநாள் ஒன்றரை என்று ஐம்பது மில்லிகிராம் குளிசை. கையுறை போட்டு, ஒரு பழைய சாசரில் வைத்து, அந்த வேலைக்கென்றே ஒதுக்கிய பிளேட்டால் நான் அரைக் குளிசை வெட்டுவேன். அந்தச் சாசரை வேறு எதற்கும் எடுப்பதில்லை. ஒற்றை ரூல் கொப்பியில் திகதி, குளிசை, வெப்பநிலை, வாந்தி, கடைசிக் குருதிக் கணக்கு என்று கோடு போட்டு எழுதினேன். மெதோட்ரெக்சேட்டை வேறு நிறப் பெட்டியில், அலுமாரியின் வேறு தட்டில் வைத்து, மேலே வெள்ளிக்கிழமை என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். கிழமைக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய அந்தக் குளிசையைத் தினமும் கொடுத்தால் பிள்ளை இறந்துவிடலாம். வீட்டில் யார் குளிசை கொடுப்பது என்பதை ஒருவருக்கே பொறுப்பாக்குங்கள். எங்கள் தெற்காசியப் பகுதியிலும் கிழக்காசியாவிலும் சிலருக்குப் பரம்பரை அமைப்பால் மெர்கப்டோபியூரின் மிக மெதுவாகவே உடலில் முறியும். வழமையான அளவே அவர்களுக்கு மிகையாகி, கணக்குகள் திடீரென விழும். ஆகவே குருதிக் கணக்கு விழுந்தால் அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் திரும்பத் தொடங்குவதும் வைத்தியரின் சொல்லின்படி மட்டும் நடக்க வேண்டும். நிறுத்தச் சொன்ன மருந்தை எப்போது மறுபடி தொடங்குவது என்று கேட்காமல் கிளினிக்கை விட்டு வெளியே வராதீர்கள்.

எங்கள் சிகிச்சைக் காலத்தில் இரண்டு பேரிடர்கள் குறுக்கிட்டன. 2020 பங்குனியில் கோவிட் ஊரடங்கு வந்தபோது கிளினிக் கொப்பியையும் அதில் எழுதியிருந்த அடுத்த திகதியையும் காட்டித்தான் ஏ9 வீதியின் ஒவ்வொரு சோதனைச் சாவடியையும் கடந்தோம். அந்த வீதி 2006 ஆவணியில் போரால் மூடப்பட்ட காலத்தை அறிந்த என் அம்மா, வண்டி ஓமந்தையைக் கடந்துவிட்டது என்று நான் தொலைபேசியில் சொல்லும் வரை சாப்பிடாமல் இருப்பார். 2022இன் பொருளாதார நெருக்கடி இதைவிடக் கொடியது. எரிபொருள் வரிசைகள் ஒருபுறம், மருந்துத் தட்டுப்பாடு மறுபுறம். அப்போது கற்றுக்கொண்டது, கையில் எப்போதும் இரண்டு கிழமைக்கு மேலதிகமாகக் குளிசை இருக்கும்படி கிளினிக்கில் கேட்டு வாங்குவது; வெளியில் வாங்க நேர்ந்தால் பெட்டியின் படத்தை வைத்தியருக்கு அனுப்பி, அவர் சரி என்ற பின்பே கொடுப்பது. வழமையான குருதிப் பரிசோதனையைக் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ செய்து, அறிக்கையைப் படமெடுத்து அனுப்பி, மாற்றத்தைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ள வைத்தியர் அனுமதித்தார். அந்த ஒழுங்கு எங்கள் பயணங்களைப் பாதியாகக் குறைத்தது. இந்த வழி எல்லாப் பிள்ளைகளுக்கும் முறையாக ஏற்படுத்தப்பட வேண்டும் என்று நான் திடமாக நினைக்கிறேன். வன்னியில் உள்ள ஒவ்வொரு மாவட்ட வைத்தியசாலையிலும் காய்ச்சலுக்கு மருந்து தொடங்கவும், குருதி பார்க்கவும், கணக்கை மகரகமவோடு பகிரவும் பெயர் குறித்த ஒருவர் பொறுப்பில் இருந்தால் கைவிடப்படும் சிகிச்சைகள் குறையும்.

விலை உயர்ந்த புதிய மருந்து கிடைக்காததால்தான் பிள்ளை தோற்றுப் போகும் என்று மனம் உடைந்திருக்கும் பெற்றோருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். டி-செல் வகைக்கு நெலரபீன் என்ற மருந்து பயன் தருகிறது, அது விலை கூடியது, எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் 2007க்கும் 2014க்கும் இடையில் அமெரிக்கக் கூட்டு ஆய்வுக் குழு இதே நோய்க்கு நடத்திய பெரிய ஆய்வில், குருதியில் மருந்தின் அளவைத் தொடர்ந்து பார்க்க வேண்டிய உயர் அளவு மெதோட்ரெக்சேட்டைவிட, அவ்வளவு ஆய்வுகூட வசதி தேவைப்படாத, படிப்படியாக அளவைக் கூட்டும் முறையைக் கொண்ட சிகிச்சையே சிறந்த பலனைத் தந்தது: ஐந்து ஆண்டுகள் நோயின்றி இருந்தோர் ஒன்றில் 85 சதவீதமளவு, மற்றதில் 91க்கு மேல். அந்த இரண்டாவது குழுவில் அஸ்பராஜினேஸ் கூடுதலாகவும் தலைக்கான கதிர்வீச்சு முன்கூட்டியும் கொடுக்கப்பட்டிருந்ததால் முழுப் பெருமையும் ஒரு மருந்துக்கு உரியதல்ல என்று அறிஞர்கள் எச்சரிக்கிறார்கள். ஆயினும், எங்களைப் போன்ற நாட்டில் செய்யக்கூடிய சிகிச்சை இரண்டாந்தரமானது என்று எண்ணிக் கைவிட வேண்டியதில்லை என்பதற்கு எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

2022இன் இறுதியில் குளிசைகள் நிறுத்தப்பட்டன. டி-செல் வகை மீள்வதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டுவிடும் என்பதால், அந்தக் காலத்தைத் தாண்டிய பிள்ளைகளுக்கு ஆபத்து வெகுவாகக் குறைகிறது. என் மகன் இப்போது உயரமாக வளர்ந்து, தகப்பனோடு சேர்ந்து வரப்பில் நடக்கிறான். படிப்பில் ஓராண்டு பின்தங்கியிருக்கிறான், அதைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. கிளினிக் இன்னும் முடியவில்லை. டவுனோரூபிசின், டொக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்துகளைப் பெற்ற பிள்ளைகளின் இதயத்தை ஆண்டுகள் கழித்தும் எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். தவறிய தடுப்பூசிகளை எப்போது மறுபடி போடலாம் என்று வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். பத்து வயதுக்கு மேல் இந்தச் சிகிச்சை பெற்றவர்களுக்கு ஸ்டீரொய்ட் மருந்தால் இடுப்பு, முழங்கால் எலும்புகளுக்குக் குருதி ஓட்டம் குறைந்து எலும்பு நலிவடைவது சின்னப் பிள்ளைகளைவிட அதிகமாக நடக்கிறது. ஆகவே பிள்ளை நொண்டினாலோ இடுப்பு நோகிறது என்றாலோ வளர்கிற வயதின் வலி என்று எண்ணெய் தடவிக் காலம் கடத்தாமல், பழைய நோய்விபர அட்டையோடு போய் அந்தக் கிழமையிலேயே படமெடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.